காற்றுக்கும் பட்டா வேணும்: நவஹோ மக்களின் பள்ளிக்கூட வானொலி குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

'பண்பாட்டைப் பாதுகாப்பது' என்கிற தொடரைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. யார் பாதுகாக்கிறார், யார் பாதுகாக்கப்படுகிறார் என்பதை அந்தத் தொடர் சொல்லாமல் விட்டுவிடும். பாதுகாக்கிறவர் கையில் சாவி இருக்கும். பாதுகாக்கப்படுகிற பொருள் பெட்டிக்குள்ளே கிடக்கும். பறையை மேடையில் ஏற்றி 'நாட்டுப்புறக் கலை' என்று கைதட்டுகிறவர்கள், அதை அடித்தவருடைய சேரிப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பைன் ஹில் என்கிற இடத்தில், நவஹோ ஆதிக்குடி மக்களின் பள்ளி வாரியம் ஒரு வானொலி நிலையம் நடத்துகிறது. பெயர் கே.டி.டி.பி. பண்பலை வரிசையில் 89.7. ராமா நவஹோ பள்ளி வாரியம் 1972இல் இதைத் தொடங்கியது. அந்த நாட்டில் ஆதிக்குடி மக்களே சொந்தமாக வைத்து நடத்திய முதல்வரிசை வானொலிகளில் ஒன்று என்று இதை எழுதுகிறார்கள். கூடவே 'நவஹோ மொழியையும் பண்பாட்டையும் பாதுகாத்துவரும் நிலையம்' என்ற பாராட்டும் தவறாமல் வந்துவிடும்.

பாராட்டு ஒருபக்கம் இருக்கட்டும். ஒடுக்கப்பட்ட மக்களுடைய ஊடகம் என்று எதைச் சொன்னாலும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஒன்று, சாவி யார் கையில்? இரண்டு, அந்த மைக்கில் யார் பேசுகிறார், யார் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார்? முதல் கேள்விக்கு ராமா மக்கள் கொடுத்திருக்கிற பதில் அசாதாரணமானது. இரண்டாவது கேள்வி அங்கேயும் தீரவில்லை என்பது என் வாதம்.

2

முதலில் பெயர். நவஹோ என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள், அவ்வளவுதான் பொருள். 'செவ்விந்தியர்' என்று நம்முடைய பாடப்புத்தகமும் காமிக்ஸும் சொல்லிக்கொடுத்த சொல்லை இனிமேலாவது நாம் விட்டுத்தொலைக்கலாம். மனுசனைத் தோல் நிறத்தால் கூப்பிடுகிற பழக்கம் நமக்கு எதற்கு?

அமெரிக்காவில் ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும் எழுத்துகளால் ஆன ஒரு அழைப்புப் பெயர் உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலையங்கள் என்றால் பொதுவாக 'கே' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். அது அரசாங்கம் போட்ட எழுத்து. மிச்சம் மூன்றை நிலையத்தார் கேட்டு வாங்கலாம். இவர்கள் கேட்டு வாங்கிய டி, டி, பி என்கிற மூன்றும் 'த்லோச்சினி தினே பி-ரேடியோ' என்பதன் சுருக்கம். த்லோச்சினி என்பது ராமாவுக்கு நவஹோ மொழியில் உள்ள பெயர்; காட்டு வெங்காயம் விளைகிற இடம். 'பி' என்றால் அவர்களுடைய. நம்ம பேச்சில் சொன்னால், 'ராமா சனங்களோட ரேடியோ'. சட்டப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒரு தடவை தன் அழைப்புப் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். ஆக, அரசாங்கத்தின் ஒரு எழுத்துக்குப் பின்னால் தங்கள் ஊர், தங்கள் சனம், தங்கள் உடைமை மூன்றையும் வரிசையாக நிறுத்தி, மணிக்கு ஒருமுறை காற்றில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இது என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். ராமா மக்களுக்கு இதற்கு முன் வேறொரு பெயர் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் கிளைட் க்ளக்ஹான், இளவயதில் உடம்பைத் தேற்றிக்கொள்ள அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு வந்தவர். பிறகு 1936 முதல் ராமா நவஹோக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அதைத் தொடர்ந்து 1949 முதல் 1955 வரை நவஹோ, சூனி, மார்மன், ஸ்பானிய அமெரிக்கர், டெக்சாசிலிருந்து வந்து குடியேறியவர் என்று ஐந்து சமூகங்களை ஒப்பிட்டு ஒரு பெரிய ஹார்வர்டு ஆய்வு அதே வட்டாரத்தில் நடந்தது. 1966இல் அது புத்தகமாக வந்தபோது ராமா என்ற பெயர் இல்லை. 'ரிம்ராக்' என்று ஒரு புனைபெயர் சூட்டியிருந்தார்கள். ஆய்வுக்கு ஆளானவர்களின் அடையாளத்தை மறைப்பது ஆய்வு நெறி என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு சனத்தின் சடங்கு, பயம், சொந்தபந்தம், சூனிய நம்பிக்கை வரை எல்லாம் எழுத்தில் ஏறிவிட்டது. அவர்களுடைய ஊர்ப்பெயர் மட்டும் ஏறவில்லை. ஒரு நவஹோக் குடும்பம் என்றால் அம்மா, அப்பா, பிள்ளைகள், கூட ஒரு மானிடவியலாளர் என்று அங்கே ஒரு கேலி உண்டு. 1969இல் வைன் டெலோரியா என்கிற சியூ எழுத்தாளர் இந்த ஆய்வாளர் கூட்டத்தைப் போட்டு வாங்கியது சும்மா இல்லை.

ரிம்ராக் புத்தகம் வந்த ஆறாவது வருசம் அதே ஊர் மக்கள் 'த்லோச்சினி' என்று காற்றில் பேரைச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மூன்று எழுத்தின் கனம் தெரியும்.

3

நவஹோ மொழியை யாரும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நன்றாகவே பயன்படுத்தினார்கள். எப்படி என்பதுதான் கேள்வி.

1864இல் அமெரிக்க இராணுவம் நவஹோ மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பிடுங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து பாஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்துவைத்தது. ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாமிலும் செத்தார்கள். 1868இல் உடன்படிக்கை போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த உடன்படிக்கையில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒரு பள்ளிக்கூடம் தருவதாக வாக்குறுதி இருந்தது. பள்ளிக்கூடம் வந்தது. எப்படி வந்தது? தாய்தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்துத் தூரத்து உறைவிடப் பள்ளியில் போட்டு, முடியை வெட்டி, பேரை மாற்றி, சொந்த மொழியில் வாய்திறந்தால் தண்டித்து, அப்படி வந்தது. சோப்பால் வாயைக் கழுவியதை அந்தத் தலைமுறையினர் பலர் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே மொழி 1942இல் இராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 29 நவஹோ இளைஞர்களை வைத்து, ஜப்பானியர் உடைக்க முடியாத சங்கேத மொழியை நவஹோ மொழியில் உருவாக்கினார்கள். போர் முடியும்போது ஏறத்தாழ 400 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். வானொலிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நவஹோ மொழியில் பேச அரசே சம்பளம் கொடுத்தது. ஊருக்குத் திரும்பினால் நியூ மெக்சிகோவில் ஆதிக்குடிகளுக்கு வாக்குரிமை கிடையாது. 1948இல் வழக்குப் போட்டுத்தான் அது கிடைத்தது. அவர்கள் செய்த வேலையையே 1968 வரை இரகசியம் என்று பூட்டிவைத்தார்கள். முதல் 29 பேருக்குத் தங்கப்பதக்கம் வந்து சேர்ந்தது 2001இல். பலர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இராணுவத்துக்கு அடுத்து சந்தை. நவஹோ நிலத்தைச் சுற்றியுள்ள எல்லை நகரங்களின் வணிக வானொலிகளில் நவஹோ மொழி கேட்பது புதுசில்லை. பிக்கப் வண்டி, தீவனம், கடைச்சாமான் எல்லாம் நவஹோ மொழியிலேயே விளம்பரமாகும். சனம் காசு வைத்திருக்கிற இடத்தில் சந்தை எந்த மொழியையும் கற்றுக்கொள்ளும்.

இராணுவம், சந்தை, ஆய்வாளர் மூவருமே நவஹோ மொழியை மதித்ததாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். மூவரும் அதை ஒலிக்கவிட்டார்கள், பதிவு செய்தார்கள், அதனால் பலன் அடைந்தார்கள். ஆகவே ஒரு மொழி ஒலிக்கிறது என்பதை மட்டும் வைத்து அந்த மக்களுக்கு விடுதலை வந்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. எதிரியும் உன் பாசையில் பேசுவான். வெள்ளைக்காரன் நவஹோவில் பேசியதும், ஓட்டுக்கேட்டுச் சேரிக்குள் வருகிறவன் நம்மைப்போலவே 'என்னாங்க' என்று இழுப்பதும் ஒன்றுதான்.

4

ராமா மக்களின் நிலை மற்ற நவஹோக்களைவிடவும் கொஞ்சம் வேறு. அவர்கள் வாழ்கிற பகுதி பெரிய நவஹோ நிலப்பரப்போடு ஒட்டாமல் தெற்கே தனியாகக் கிடக்கிறது. தண்ணீர் வசதியுள்ள பள்ளத்தாக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மார்மன் குடியேறிகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நவஹோக்கள் தெற்கே வறண்ட மேட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். யார் ஊர், யார் காலனி என்கிற கதை நமக்கு விளக்கம் தேவைப்படாத கதை.

1968இல், உடன்படிக்கைக்குச் சரியாக நூறு வருசம் கழித்து, ராமா நவஹோப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியை மாநிலம் மூடியது. சங்கேதப் போர்வீரர்களின் இரகசியத்தை அவிழ்த்த அதே வருசம். பாட்டன் பேசிய மொழி நாட்டைக் காத்தது என்று ஒருபக்கம் அறிவிப்பு. பேரனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று மறுபக்கம் பூட்டு. பிள்ளைகள் ஒன்று படிப்பை விட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் தூரத்து உறைவிடப் பள்ளிக்குப் போக வேண்டும்.

1970இல் ராமா மக்கள் தங்கள் உள்ளூர்ச் சபையில் கூடிப் பேசித் தங்களுக்கென ஒரு பள்ளி வாரியத்தை அமைத்தார்கள். வாஷிங்டன் வரை போனார்கள். ஆதிக்குடிகளை நிர்வகிக்கிற மத்திய அரசுத் துறையோடு ஒப்பந்தம் போட்டு, மாநிலம் கைவிட்ட அந்தப் பழைய கட்டடத்திலேயே பள்ளியை நடத்தினார்கள். ஆதிக்குடிகள் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்திக்கொள்ள வழிசெய்யும் தன்னாட்சிச் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1975இல். இவர்கள் சட்டத்துக்கு ஐந்து வருசம் முன்னால் நடந்து காட்டியவர்கள். வானொலி வந்தது பள்ளி வந்த இரண்டாவது வருசம். பிறகு இரண்டும் பைன் ஹில்லுக்குப் போயின.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் பண்பாட்டு விழா, பிறகு உரிமை என்று அவர்கள் போகவில்லை. முதலில் ஒப்பந்தம், நிர்வாகம், கட்டடம், உரிமம். எந்த நிறுவனம் தங்கள் நாக்கை அறுத்ததோ அதே பள்ளிக்கூடத்தைக் கைப்பற்றி, அதன் கூரையிலேயே தங்கள் குரலுக்கு இடம் போட்டார்கள். நிலத்துக்குப் பட்டா கேட்பதுபோலக் காற்றுக்கும் ஒரு பட்டா வாங்கினார்கள்.

பட்டா வாங்கினால் மட்டும் போதாது, காப்பாற்ற வேண்டும். புதுப் பள்ளியைக் கட்டிய ஒப்பந்தக்காரரிடம் மாநிலம் வரி போட்டது. அந்தச் சுமை பள்ளி வாரியத்தின் தலையில் விழுந்தது, 2 லட்சத்து 32 ஆயிரம் டாலருக்கு மேல். பள்ளிக்கூடத்தைப் பூட்டியவன் பள்ளிக்கூடம் கட்டியதற்கு வரி கேட்கிறான்! வாரியம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் ஜெயித்தது. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாகுபாட்டை எதிர்த்து வாதாடிய அதே மார்ஷல். அதன்பிறகும் ஓயவில்லை. ஆதிக்குடிகள் ஒப்பந்தப்படி நடத்துகிற பணிகளுக்கான நிர்வாகச் செலவை மத்திய அரசு முழுசாகத் தராமல் இழுத்தடித்ததை எதிர்த்து ராமா உள்ளூர்ச் சபை போட்ட வழக்கில், 2012இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வெற்றி கிடைத்தது. நாடு முழுக்க உள்ள ஆதிக்குடி அமைப்புகளுக்கு 94 கோடி டாலர் தர 2015இல் அரசு ஒத்துக்கொண்டது. ஹார்வர்டு புத்தகத்தில் பெயரில்லாமல் கிடந்த ஊர், சட்டப் புத்தகத்தில் தன் சொந்தப் பெயரோடு இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

5

சரி, மைக் கைக்கு வந்தாச்சு. அதில் என்ன பேசினார்கள்?

நவஹோ வட்டாரத்து வானொலிகளில் தொன்மமும் தத்துவமும்தான் ஓடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். கூட்டம் எப்போது, பனியில் பள்ளிப் பேருந்து வருமா வராதா, யார் இறந்தார், எப்போது அடக்கம், மருத்துவமனையில் என்ன சொன்னார்கள், வாஷிங்டனில் என்ன சட்டம் போட்டார்கள், இந்த மாதிரி அன்றாடம். நடுவில் பாட்டு. நவஹோ தலைநகரான விண்டோ ராக்கிலிருந்து 1986 முதல் ஒலிபரப்பாகிற கே.டி.என்.என். என்ற பெரிய நிலையத்தில் நவஹோப் பாட்டோடு கௌபாய்களின் 'கன்ட்ரி' இசையும் உண்டு. கௌபாய் பாட்டை ஆதிக்குடிகள் கேட்கலாமா என்று நெற்றியைச் சுருக்குகிற பண்பாட்டுக் காவலர்கள் தயவுசெய்து ஒதுங்கி நிற்கவும். சனத்துக்குப் பிடிக்கிறது, கேட்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த அன்றாடம்தான் அரசியல். ஒரு மொழிக்கு விழா எடுப்பது சுலபம். சாவுச் செய்தியையும் தடுப்பூசியையும் அந்த மொழியில் சொல்கிறபோதுதான் அது தேவைப்படுகிற மொழி ஆகிறது. நவஹோ மொழிக்கு இன்று புழங்குகிற எழுத்துமுறை 1930களிலும் 40களிலும்தான் நிலைபெற்றது. பெரியவர்கள் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் வானொலி முன்னால் எழுத்தறியாதவர் என்று ஒரு ஆள் கிடையாது. மின்சாரம் இல்லாத வீட்டிலும் பாட்டரியில் ஓடும், வண்டியிலும் ஓடும். 2020இல் கொரோனா நவஹோ நாட்டை அடித்துப் போட்டது. மே மாதம் தலைக்கணக்கில் பார்த்தால் நியூயார்க் மாநிலத்தையே தாண்டிய தொற்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் 'கையைக் கழுவுங்கள்' என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தாய்மொழியில் பேசுகிற வானொலி எவ்வளவு பெரிய துணை என்பதை மின்சாரமும் இணையமும் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அளக்க முடியாது.

மொழித் தூய்மை பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். நவஹோ மொழி அயற்சொல்லை லேசில் உள்ளே விடாத மொழி. புதுப்பொருள் வந்தால் தன் வேரிலிருந்தே பெயர் கட்டும். வானொலிக்கும் அப்படி ஒரு பெயர் கட்டியிருக்கிறது: 'காற்றைக்கொண்டு சேதி சொல்வது' என்று பொருள் வரும். நவஹோ சிந்தனையில் காற்று வெறும் காற்று இல்லை. உயிரும் பேச்சும் அதிலிருந்து வருவது. எவ்வளவு அழகான சொல்! அப்படியிருந்தும் ராமா மக்கள் தங்கள் நிலையத்தின் பெயரில் 'பி-ரேடியோ' என்றுதான் வைத்தார்கள். ஆங்கில ரேடியோவை அப்படியே தூக்கி, முன்னால் தங்கள் உடைமைச் சொல்லை ஒட்டிவிட்டார்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்கள் தெருப் பேச்சைக் 'கொச்சை' என்று சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்த ஒட்டின் அருமை புரியும். எது தூய மொழி என்று தீர்ப்புச் சொல்கிறவர் எப்போதும் அதைப் பேசுகிற ஏழைச் சனத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர். இளசுகள் நவஹோவும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள் என்று வானொலியில் திருத்தத் தொடங்கினால், அவர்கள் திருத்தமாக ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள்.

6

இனி என் விமர்சனம்.

1970 வாக்கில் எடுத்த கணக்குப்படி, ஆறு வயதில் பள்ளிக்கு வந்த நவஹோப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நவஹோ பேசினார்கள். 1990களின் தொடக்கத்தில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் பார்த்தபோது பாதிக்கு மேல் ஆங்கிலம் மட்டுமே பேசின. கவனியுங்கள், இந்த இருபது வருசம்தான் நவஹோக்கள் பள்ளிகளைத் தங்கள் கையில் எடுத்த காலம், வானொலிகள் தொடங்கிய காலம். சாவி கைக்கு வந்த அதே காலத்தில் மொழி பிள்ளைகளின் வாயிலிருந்து நழுவியிருக்கிறது.

இதற்கு வானொலியைக் குற்றம் சொல்ல மாட்டேன். தொலைக்காட்சி, கூலி வேலைக்கு நகரம் போவது, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இன்னொரு காரணம் உண்டு. உறைவிடப் பள்ளியில் அடிவாங்கிய தாய், 'நான் பட்டது எம்புள்ள படக்கூடாது' என்று தன் மொழியைத் தன் பிள்ளையிடமிருந்து மறைத்தாள். தடைச்சட்டம் போன பிறகும் தடை வீட்டுக்குள் உயிரோடு இருந்தது. சாதி தெரிந்துவிடுமே என்று பேச்சை மாற்றிப் பேசக் கற்றுக்கொடுத்த பெற்றோர் நம்மிலும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் அருகதை இல்லை.

ஆனால் வானொலியின் இயல்பிலேயே ஒரு குறை இருக்கிறது. அது கேட்கச் சொல்லும், பதில் கேட்காது. பாட்டி நவஹோ வானொலி கேட்கிறாள்; பக்கத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள்; அவளுக்கும் பாதி புரிகிறது; பாட்டி ஏதோ கேட்க, பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். மொழி சாகிற இடம் இதுதான். காதில் இருக்கும், நாக்கில் இருக்காது. இத்தனை மணிநேரம் நவஹோவில் ஒலிபரப்பினோம் என்கிற கணக்கு இந்த இடத்தில் உதவாது. இத்தனை பிள்ளைகள் மைக்குக்கு முன்னால் வாய்திறந்தார்கள் என்கிற கணக்குத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த வானொலிக்கு மற்ற எந்த நிலையத்துக்கும் இல்லாத வாய்ப்பு இது. பிள்ளைகள் அடுத்த அறையிலேயே இருக்கிறார்கள். அலமோவிலும் டூபா சிட்டியிலும் பள்ளிகளைச் சார்ந்து எழுந்த நவஹோ வானொலிகளுக்கும் இதே உரைகல்தான். தப்பும் தவறுமாக, கலந்துகட்டி, சிரித்துக்கொண்டே ஒரு பதினைந்து வயசுப் பெண் பேருந்து அறிவிப்பை நவஹோவில் வாசிக்கிறாளா? அவளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்காமல் இருக்கிறார்களா? பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அது அங்கே இருக்கிறது.

இரண்டாவது, பள்ளி வாரியத்தின் பெயரில் உரிமம் இருக்கும்போது, அந்த வாரியத்தையே குறைசொல்கிறவர் அந்த மைக்கில் பேச முடியுமா? இது பைன் ஹில்லுக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை, ஒரு நிறுவனத்தின் கீழ் இயங்குகிற எல்லாச் சமூக வானொலிக்கும் உள்ள கேள்வி. வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிய சாவி நம் ஆளிடம் வந்துவிட்டதாலேயே கதவு எல்லோருக்கும் திறந்துவிடாது. இதை நம் இயக்கங்களின் அனுபவத்திலிருந்தே சொல்லலாம்.

மூன்றாவது, எதைச் சொல்லக்கூடாது என்பது. நவஹோ வழக்கப்படி கொயோட்டி என்கிற ஓநாய்நரியின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்லலாம். இடி முழங்கிப் பாம்பு வெளியே வந்துவிட்டால் வாய்மூட வேண்டும். சில சடங்குப் பாட்டுகள் சடங்குக்கு வெளியே பாடக்கூடாதவை. 'பாதுகாக்க' வந்த ஆய்வாளருக்கு இந்தப் பருவக் கட்டுப்பாடு தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. கோடைவிடுமுறைதானே அவருக்குக் களப்பணிக் காலம்! தங்கள் கதையைச் சொல்லாமல் இருக்கிற உரிமையும் ஒரு மக்களுக்கு உண்டு. அதே நேரம், வேதத்தைக் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன மரபால் மிதிபட்டவர்கள் நாம். இரகசியம் என்றதும் நமக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும். எனக்குத் தெரிகிற வித்தியாசம் இது: அங்கே கட்டுப்பாடு காலத்தைச் சார்ந்தது, பிறப்பைச் சார்ந்தது அல்ல. பனிக்காலம் வந்தால் யார் வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். ஆனாலும் எந்தத் தடையையும் 'மரபு' என்ற ஒரே வார்த்தையில் மன்னித்துவிடக் கூடாது. இந்தத் தடையால் யார் வெளியே நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

7

கடைசியாகக் காசு. அமெரிக்காவில் பொது ஒலிபரப்புக்கு 1967 சட்டத்தின் வழியாக மத்திய அரசு நிதி கொடுத்துவந்தது. ஏழைச் சனம் வாழ்கிற வறண்ட மேட்டில் விளம்பரமும் நன்கொடையும் எங்கே கிடைக்கும்? ஆதிக்குடி வானொலிகள் பலவற்றுக்கு இந்த நிதிதான் ஊன்றுகோல். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமும் அதிபரும் இரண்டு வருசத்துக்கான 110 கோடி டாலரைத் திரும்பப் பிடுங்கினார்கள். நிதியைப் பங்கிட்டுத் தந்த கழகம், அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. பெருநகர நிலையங்களுக்கு இது நட்டம். ஆதிக்குடி நிலையங்களுக்கு இது கழுத்தில் கை. 1868இல் நிலத்தையும் உழைப்பையும் வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்குறுதி அது, சலுகை இல்லை. நம்மூரில் இட ஒதுக்கீட்டைப் பிச்சை என்று பேசுகிறவர்களுக்கும் அங்கே இதை வீண்செலவு என்று பேசியவர்களுக்கும் குரல் ஒன்றுதான்.

இந்தியாவிலும் 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலி திறந்துவிடப்பட்டது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ' தொடங்கினார்கள். ஆனால் இங்கே சமூக வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். விதை பற்றிப் பேசலாம், பாட்டுப் பாடலாம்; நேற்று ராத்திரி பக்கத்துச் சேரியில் எரிந்த குடிசையைச் செய்தியாகச் சொல்ல முடியாது. பண்பாட்டைப் பாதுகாக்க அனுமதி உண்டு, சேதி சொல்ல அனுமதி இல்லை. நவஹோ மொழியில் வானொலிக்குப் பெயரே 'சேதி சொல்வது' என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்களும் தோழர்களும் சமூக வானொலி பற்றிப் பேசும்போது, எந்தக் கலையை ஒலிபரப்பலாம் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். ராமா மக்கள் அங்கிருந்து தொடங்கவில்லை. பூட்டிய பள்ளிக்கூடத்தின் கதவிலிருந்து தொடங்கினார்கள். உரிமம் யார் பெயரில், கணக்கு யார் கையில், செய்தி சொல்ல யார் தடை, பிள்ளைகளுக்கு மைக் உண்டா என்ற வரிசையில் நாமும் பேசிப் பார்க்கலாம். பாட்டு தானாக வரும்.